பிரிட்டோவுக்கு நான் பேசிய தமிழ்

ஜனவரி 4

தெய்வானை வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறுநீரகத்தைப் பற்றி ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறான். "எங்கிட்ட எரிஞ்சு விழுததையெல்லாம் இதுல எழுதுங்க. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்று கையில் திணித்தாள். கட்டிய மனைவியின் புத்தாண்டு வாழ்த்து.

சரி, எழுதுவோம். பெயர் ஆவுடையப்பன். பிறந்தது தூத்துக்குடி, இருப்பது சாலிகிராமம், தொழில் டப்பிங். தெலுங்குப் படத்தில் கோடாரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அடியாள் "டேய்" என்று கத்தினால் அது நான். சோப்பு விளம்பரத்தில் வாளிக்குள் உட்கார்ந்து சிரிக்கும் கிருமி நான். குழந்தைகள் சேனலில் ஒரு கழுதையும் நான்தான். இந்த ஊரில் என் குரலைக் கேட்காத ஆளில்லை. என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வது இஸ்திரி வண்டிக்காரர் மட்டும். இதில் எனக்கு வருத்தம் இல்லை. முகம் தெரிந்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 5

இன்று கரப்பான்பூச்சிக்குப் பேசினேன். மருந்து அடித்ததும் சிரித்துக்கொண்டே சாகச் சொன்னார்கள். செத்தேன்.

ஜனவரி 9

நூர்ஜஹான் மேடம் கூப்பிட்டனுப்பினார். டப்பிங் டைரக்டர். இந்தத் தொழிலில் நான் மதிக்கும் ஒரே ஆள். அவர் யாரையும் மதிப்பதில்லை என்பதுதான் காரணம். ஏதோ ஓர் ஓடிடி கம்பெனி கனடாவில் எடுத்த தொடர் ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறதாம். பனி கொட்டும் ஊரில் ஒரு லாட்ஜ், அங்கே தங்க வருகிறவர்களின் கதை. தமிழில் 'வடகோடி லாட்ஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதை யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவன் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

"லாட்ஜ் ரிசப்ஷன்ல பாபுன்னு ஒருத்தன். மூணு சீசனும் வர்றான். உங்க வாய்ஸ் உக்காரும்னு தோணுது, பாருங்க" என்று மேடம் திரையில் ஓடவிட்டார்.

கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தன் சாவியை நீட்டித் தலையை ஆட்டினான். பிரிட்டோ.

"தெரிஞ்ச மூஞ்சியா?" என்றார்.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

எங்கே பார்த்தேன் என்றால், கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் பார்த்தேன். சென்னையில் ஒரே அறையில், ஒரே பாயில் பார்த்தேன். ஆறு வருடம் ஒரே மைக்கின் இரண்டு பக்கத்தில் பார்த்தேன். 'உப்பும் மக்ரூனும்' என்று எங்கள் காமெடி நிகழ்ச்சிக்குப் பெயர். தூத்துக்குடியில் விளைவதும் விற்பதும் அந்த இரண்டும்தானே. அவன் இனிக்க இனிக்கக் கதை சொல்வான், நான் பக்கத்தில் நின்று அவனை நாறடிப்பேன். கம்பெனி விழாக்களிலும் காபிக் கடைகளிலும் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் வான்கூவரில் இருக்கும் இந்தியர் சங்கம் சிரிப்பு விழா ஒன்றுக்கு அழைத்தது. போனான். விழா முடிந்து மற்றவர்களெல்லாம் சாக்லேட்டோடு திரும்பி வந்தார்கள். ஜெரால்ட் பிரிட்டோ மட்டும் வரவில்லை.

ஜனவரி 10

அந்த மகானின் திரை வாழ்க்கையைப் பதிவு செய்துவைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

முதலில் ஒரு போலீஸ் தொடரில் பிணம். பாலத்துக்கடியில் கிடந்தான். அதற்குக்கூட லாயக்கில்லை, சட்டைப் பொத்தான் ஏறி இறங்குகிறது. அடுத்து டாக்ஸி டிரைவர், பிடரி மட்டும். அடுத்து, "நிலைமை சீராக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் டாக்டர். அந்த நோயாளி அடுத்த காட்சியில் செத்துப்போனான். பிறகு வேற்றுக்கிரகத்தில் பச்சைச் சாயம் பூசிய மந்திரி. அந்தக் கிரகத்திலும் அவனுக்கு மட்டும் இந்திய உச்சரிப்பு. பிறகு காப்பீட்டு விளம்பரத்தில் பனியில் வழுக்கி விழுகிறவன். இப்படி விழுந்தும் செத்தும் காலத்தை ஓட்டியபின் கிடைத்த உச்சம்தான் இந்த லாட்ஜ் பாபு. ஒரு மனிதன் கடல் தாண்டிப் போவது இதற்குத்தான்.

இதையெல்லாம் நான் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டவை.

பிற்சேர்க்கை: காபி கொண்டுவந்த தெய்வானை தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "அந்தப் பொணம் வாரத நாலு தடவ ஓட்டி ஓட்டிப் பாத்தீங்களே, அதுவும் தற்செயலா?" என்றாள். டைரியைக் கொடுத்தவள் பூட்டையும் கொடுத்திருக்க வேண்டும்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து வேலை தொடங்கியது. முதல் இரண்டு எபிசோடு முடித்தோம்.

நடிப்பா அது! கண்ணை விரிக்கிறான், தோளைக் குலுக்குகிறான், வெள்ளைக்காரன் சிரிப்பதற்கு இடம் விட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் பேசும் இங்கிலீஷ், தூத்துக்குடியில் எந்தப் பாதிரியாரும் பேசாதது, எந்தக் கப்பல் ஏஜென்டும் பேசாதது. ஒவ்வொரு சொல்லையும் கழுத்தைப் பிடித்து ஆட்டி வெளியே தள்ளுகிறான்.

நான் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் ஊர்த் தமிழில் பேசினேன். ஒரு கணவனும் மனைவியும் வந்து, அறை கதகதப்பாக இருக்குமா என்று கேட்கிறார்கள். மூலத்தில் இவன் தன் கிராமத்து மாட்டுத் தொழுவத்தைப் பற்றி ஏதோ உளறுகிறான். பிரிட்டோ மாட்டைக் கண்டது பால் பாக்கெட்டின் படத்தில். நான் மாற்றினேன்: "உள்ள போயி கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் பழச எடுத்துப் பேசுங்க. அஞ்சு நிமிசத்துல அனல் பறக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மூஞ்சியும் வாயும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு ஆவுடையப்பன்" என்றார்.

அவன் எந்த இடத்தில் மூச்சு எடுப்பான், எந்தச் சொல்லுக்கு முன்னால் உதட்டைக் கடிப்பான் என்பது திரையைப் பார்க்காமலே வருகிறது. அனுபவம், வேறொன்றுமில்லை.

ஜனவரி 20

மூன்றாவது எபிசோடு. நல்ல நாள்.

ஜனவரி 26

மூச்சுமுட்டச் சிரித்தேன் இன்று. கம்பெனியின் விளம்பரப் பிரிவில் எவனுக்கோ ஞானம் பிறந்திருக்கிறது: "பாபுவாக நடிச்சவரே தமிழ்க்காரர்தானாமே? அவரே பேசட்டும்." பிரிட்டோ புறப்பட்டு வருகிறானாம். அவனே அவனுக்குப் பேசப் போகிறான். நான் பேசியதெல்லாம் அழிக்கப்படும்.

"சாரி ஆவுடையப்பன். என் கையில இல்ல" என்றார் மேடம்.

"நல்லதுதான் மேடம். அவங்கவங்க வாய அவங்கவங்களே பாத்துக்கிடட்டும்" என்றேன்.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. வத்தக்குழம்பில் புளி அதிகம்.

ஜனவரி 31

ஸ்டூடியோவில் என் பையை எடுத்துவரப் போனேன். வேண்டுமென்றே அவன் வரும் நேரத்துக்குப் போனேன் என்று தெய்வானை சொல்வது பொய்.

வந்தான். முன்பெல்லாம் அவன் வந்தால் அறைக்குள் வயிறுதான் முதலில் வரும். இப்போது உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தமாதிரி தட்டையாக இருக்கிறான். தாடியில் சாயம். சென்னை வெயிலில் முழுக்கைச் சட்டை. எல்லாருக்கும் மேப்பிள் பாகு ஊற்றிய பிஸ்கட் கொடுத்தான், வாட்ச்மேனுக்கும்.

"ஏல ஆவுட!" என்று கட்டிப்பிடிக்க வந்தான். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். பையைத்தான் கட்டிப்பிடித்தான்.

"எப்பிடில இருக்க?"

"இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க சார்?"

'சார்' என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அதற்காகவே இன்னொரு முறை சொன்னேன்.

பிப்ரவரி 2

வாய்ப் பரீட்சை. மேடம் என்னை இருக்கச் சொன்னார், இருந்தேன்.

தேறவில்லை. தன்னுடைய வாய்க்குத் தானே பேசித் தோற்ற முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான். "நான் உங்களுக்கு எப்படி உதவ முடியும்?" என்கிறான். தமிழ்நாட்டில் எந்த லாட்ஜில் ஒருத்தன் இப்படிக் கேட்டிருக்கிறான்? "என்ன சார், ரூமா?" என்பான். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் கேள்வி மாதிரி மேலே தூக்கிக்கொள்கிறது. மைக் முன்னால் தலையை வேறு ஆட்டுகிறான், பாதிச் சத்தம் சுவருக்குப் போகிறது.

மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், கேரக்டரோட முகத்துக்கு இது ஒட்டல."

"மேடம், அது எம் மூஞ்சி" என்றான்.

"மூஞ்சி சரி சார்."

சவுண்ட் இன்ஜினியர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

பிப்ரவரி 5

கம்பெனிக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், போஸ்டர் அடித்துவிட்டார்களாம். ஆகவே இவன் நாக்கைச் சீவிவிடும் பணி எனக்கு. என் வேலையைப் பிடுங்க வந்தவனுக்கு நானே வாய் துடைத்துவிட வேண்டும். ஒத்துக்கொண்டேன். அவன் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமே.

பகல் முழுக்க அறைக்குள் அவனும் நானும். "சொல்லு: அதெல்லாம் கெடக்கட்டும், சாவியப் பிடிங்க." சொன்னான். ஏதோ மொழிபெயர்ப்புப் பாதிரியார் போலச் சொன்னான்.

"ஒனக்கு என்னல ஆச்சு? தமிழ எங்க வித்துட்டு வந்த?" என்று கேட்டுவிட்டேன். 'சார்' எப்போதோ விழுந்துவிட்டது.

அவன் தண்ணீர் குடித்தான். "மொதல் ஆடிஷன்ல நான் பேசுத மாதிரியே இங்கிலீஷ் பேசினேன்ல. அங்க ஆள் எடுக்குத பொம்பள ரொம்ப மரியாதையா, 'கொஞ்சம் உண்மையா பேசுங்களேன்'னா. எனக்குப் புரியல. இதான உண்மைன்னேன். இல்ல, நாங்க எதிர்பாக்குற உண்மைன்னா. ரூமுக்குப் போயி பழைய விளம்பரம், கார்ட்டூனு எல்லாம் பாத்து அந்த உண்மையப் படிச்சேன். மறுநாள் வேலை கெடச்சிட்டு. அப்புறம் அதத்தான் பேசிக்கிட்டே இருந்தேன். வீட்டுலயும் பேச ஆள் இல்ல. கெட்டுனவளும் விட்டுட்டுப் போயிட்டா. இப்ப வாயத் தொறந்தா எது வருதுன்னு எனக்கே தெரியல ஆவுட."

நல்ல கதைதான். இதை மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். "டயலாக்கப் பாரு" என்றேன்.

பிப்ரவரி 8

ஞாயிறு. தெய்வானை என்னைக் கேட்காமல் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். காலையிலேயே காசிமேடு போய்ச் சீலா மீன் வாங்கிவந்தாள். என் பிறந்தநாளுக்கு மத்தி.

மூன்று தட்டுச் சோறு தின்றான். முள்ளைக்கூட விடவில்லை. இடையிடையே சிரித்தபடியே சொன்னான்: லாட்ஜ் தொடர் முடிந்துவிட்டது, நான்காவது சீசன் கிடையாது. இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறான். தமிழில் அவன் குரல் வெளியே வந்தால் இங்கே சினிமாவில் யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு கணக்கு.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேருமா போயிருந்தா எப்பிடி இருந்திருக்குமோ" என்றாள் தெய்வானை. நான் ரசம் கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

"நான் விசா ஆபீஸ் வாசல்ல மத்தியானம் வரைக்கும் நின்னேன் மைனி" என்றான் அவன். "ரெண்டு பேர் பேரும் போட்டுத்தான அழைப்பு வந்துச்சு. உப்பு இல்லாம மக்ரூன் மட்டும் போயி என்ன செய்யன்னு நின்னேன். போன எடுக்கவே இல்ல இவன்."

"குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டையும் மாட்டிட்டாங்க. வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்ப வந்து கைலியக் கெட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க" என்றாள் தெய்வானை.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை அன்று. முதல்நாள் வெளியே சாப்பிட்டது. இதை அப்போதே சொன்னேன், இப்போதும் சொன்னேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசம் கடைசிவரை வரவில்லை.

பிப்ரவரி 11

இரண்டாவது பரீட்சை. முன்னைக்கு இப்போது தேவலாம், ஆனால் பாபு இல்லை. வேறு யாரோ பாபுவைப் பற்றிச் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. மேடம் கம்பெனியோடு போனில் கத்திவிட்டு வந்து, "நீங்களே பண்ணுங்க ஆவுடையப்பன். அவர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க, ஃப்ரெண்டுதானே" என்றார்.

ஸ்டூடியோவுக்கு எதிரே ஜூஸ் கடையில் வைத்துச் சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. "ஒனக்கு நீ செட் ஆகலையாம்ல. ஒனக்கு நான்தான் சரியாம்" என்றேன். பல வருடமாக யாருக்கும் கிடைக்காத அல்வா மாதிரி ஒரு வாக்கியம். ருசித்துத்தான் சொன்னேன்.

அவன் பெரிதாகச் சிரித்தான். சாத்துக்குடி ஜூஸ் மூக்கில் ஏறியது. அப்புறம் உறிஞ்சுகுழலை மடக்கி, பிரித்து, மடக்கினான். "சனிக்கிழம சாயங்காலம் ஆழ்வார்பேட்டைல ஒரு காபிக் கடைல ஷோ பண்ணுதேன். தனியா. வாரியா?" என்றான்.

"வேலை இருக்கு" என்றேன்.

பிப்ரவரி 14

போனேன். அவன் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

எதிர்பார்த்ததற்கு மேலாகவே விழுந்தான். முன்னால் இருந்ததெல்லாம் காதலர் தினத்துக்கு ஜோடியாக வந்த பிள்ளைகள். இவன் பனியைப் பற்றிப் பேசுகிறான், கையுறையைப் பற்றிப் பேசுகிறான். ஒரு பெண் செல்போனில் கொசு மருந்து ஆர்டர் செய்துகொண்டிருந்தாள். இவனுக்கு வியர்த்துக் காலர் நனைந்துவிட்டது. வாக்கியங்களின் வால் இன்னும் மேலே தூக்கியது.

"கனடாவுல ஆறு மாசம் எதுவுமே அசையாது. ஒரு எல அசையாது. ஒரு குருவி கத்தாது. எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒரு சத்தம் இல்லை. கரண்டி வைக்கிற ஓசை கேட்டது.

"இப்ப இங்க இருக்க மாதிரி இருக்கும்!"

நான்தான். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்தது. முதல் சிரிப்பு.

அவன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். "யாருல அது?"

"டிக்கெட் வாங்குனவன்."

"டிக்கெட் வாங்குனா சிரிக்கணும்லா?"

"மொதல்ல நீ ஜோக்கு சொல்லு. சிரிக்கதா அழுததான்னு நாங்க முடிவு பண்ணிக்கிடுதோம்."

"ஏல, நான் மூணு சீசன் நடிச்சவன்ல!"

"தெரியும். அதுக்கு முன்னால பொணமா நடிச்ச. அதுலயும் மூச்சு விட்ட!"

கூட்டம் மேசையைத் தட்டியது. அவன் சிரிக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் இறக்கினான். "அத நீ பாத்தியா?" என்றான். அது மேடைக்குப் பேசியது அல்ல.

"தற்செயலா" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் என்னென்ன பேசினோம் என்பது முழுதாக நினைவில்லை. நான் தூணைவிட்டு எழவேயில்லை. அவன் அங்கிருந்து வீசினான், நான் இங்கிருந்து திருப்பி அடித்தேன். அவன் பேச்சில் வால் தூக்குவது எந்த இடத்தில் நின்றது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். கடைசியில் ஒரு பையன் விசில் அடித்தான். கடை நடத்தும் பெண் வந்து, "சார், ரெண்டு பேரும் மாசாமாசம் பண்றீங்களா?" என்றாள்.

ஒரு காபிக் கடை. அதில் ஐம்பது நாற்காலி. இதையெல்லாம் பெரிதாக எழுதக் கூடாது.

பிப்ரவரி 15

காலையில் குளிக்கும்போது பாடினேனாம். தெய்வானை சொல்கிறாள். தண்ணீர் சத்தத்தைக் கேட்டிருப்பாள்.

மதியம் அவன் போன் செய்தான். "ஆவுட, இருவத்தி நாலாந்தேதி டிக்கெட்டு. நீ வாரேன்னா கேன்சல் பண்ணிருதேன். இங்கயே இருந்துருதேன்ல. ரூம் எடுத்துக்கிடுதேன். சனிக்கிழம நாலு மணிக்கு அந்தக் கடைப் பொண்ணு பேசலாம்னு வரச் சொல்லிருக்கு. நீ வந்து உக்காந்தா போதும்."

"இந்த வயசுல மைக்கப் பிடிச்சு என்னத்தக் கிழிக்கப் போறோம்?"

"நேத்து கிழிச்சோம்லா?"

"பாப்போம்" என்றேன்.

பிப்ரவரி 18

ஏழாவது எபிசோடு. மேடம் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. பாபு இன்று ஒரு கிழவிக்குப் பெட்டி தூக்கிக் கொடுத்தான். சகிக்கவில்லை.

பிப்ரவரி 21

தொண்டையில் கரகரப்பு. டப்பிங்காரனுக்குத் தொண்டைதான் சோறு. அதை வைத்துக்கொண்டு போய் ஒரு காபிக் கடையில் கத்துவது முட்டாள்தனம். நீலச் சட்டையைத் தெய்வானை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். போட்டும் பார்த்தேன், கழுத்தில் இறுக்கமாக இருந்தது. கழற்றிவிட்டேன்.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையை வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்து மூடினாள். கேட்டிருந்தால் தொண்டையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அதுதான் எரிச்சல்.

தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதால் போனை அணைத்து வைத்தேன்.

பிப்ரவரி 24

விமான நிலையம் போகிற வழியில் ஸ்டூடியோவுக்கு வந்தான். டாக்ஸியை வெளியே நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்தான்.

"தொண்ட எப்பிடி இருக்கு?" என்றான். யார் சொன்னது என்று தெரியவில்லை.

"பரவால்ல."

"அங்க ஒரு ஆடிஷன் இருக்கு. பெட்ரோல் பங்க்ல நிக்கவன். ரெண்டு வரி."

"எந்த உண்மையப் பேசப் போற?"

"கேக்கதக் குடுப்போம்" என்றான். அப்புறம் தோளில் கைவைத்தான். இந்த முறை என்னிடம் பை இல்லை. "மேடம் நேத்து உன்னோட பாபுவப் போட்டுக் காமிச்சாங்கல. அங்க போன புதுசுல நான் அப்படித்தான் பேசணும்னு நெனச்சேன்."

பதிலுக்கு ஏதாவது நாறடிக்க வேண்டும் என்று தேடினேன். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். பிரிட்டோ மூன்று படி இறங்கித் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான்.

மார்ச் 13

அவனுக்குப் பெட்ரோல் பங்க் கிடைக்கவில்லையாம். தெய்வானையிடம் சொல்லியிருக்கிறான். அவள் எதற்கு அவனோடு பேசுகிறாள்?

மார்ச் 30

கடைசி எபிசோடு. லாட்ஜை விற்றுவிடுகிறார்கள். பாபு சாவிக்கொத்தைப் புது முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறான். வசனம் இல்லை. அழுகை மட்டும். இதைவிட லேசான வேலை கிடையாது. நான் தமிழ், தெலுங்கு, கொரியா என்று எத்தனையோ பேருக்கு அழுதிருக்கிறேன்.

அழுதேன். "இன்னொண்ணு போகலாம்" என்றார் மேடம். தொண்டையை இறுக்கி அழுதேன், மூக்கால் அழுதேன், வாயைப் பொத்தி அழுதேன். காலை போய் மதியம் வந்தது.

"நடிக்கிறீங்க ஆவுடையப்பன்."

"அதான மேடம் தொழில்?"

"அவர் நடிக்கலையே" என்றார். இசையை எல்லாம் அமர்த்திவிட்டு அவன் சத்தத்தை மட்டும் ஹெட்போனில் போட்டார்.

நான் இதுவரை இந்தக் காட்சியை இசை இல்லாமல் கேட்டதில்லை. கேவலில்லை, விம்மலில்லை. மூச்சு ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது, அதை உள்ளே இழுக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் திணறுகிறான். நடுவில் தன்மேலேயே எரிச்சல் பட்டமாதிரி, "ச்சே" என்கிறான். கனடாவில் ஒருத்தனுக்கும் அது என்னவென்று புரிந்திருக்காது, விட்டுவிட்டார்கள். அவ்வளவு வருடம் அவன் அங்கே பேசியதில் அந்த ஒன்றுதான் கழுத்தைப் பிடித்து ஆட்டாத சொல்.

இன்னொரு டேக் போகலாமா என்று கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். "அவன் அழுததையே வச்சிருங்க மேடம்."

"குரல் மாறுமே?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

என் தொண்டைக்கு வேலை மிச்சம்.

மே 16

'வடகோடி லாட்ஜ்' வெளிவந்து ஒரு வாரம். எவனோ ஒருவன் தன் விமர்சனத்தில், "பாபுவாக நடித்தவர் அச்சு அசல் தூத்துக்குடித் தமிழில் அசத்தியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறான். விமர்சகர்கள் இந்த லட்சணம்.

தெய்வானை இன்று கடைசி எபிசோடு பார்த்தாள். துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். பஸ் காட்சி வந்ததும் கை நின்றது.

"இது நீங்க இல்லியே" என்றாள்.

"யார் சொன்னா?"

"எனக்குத் தெரியாதா? இது அவங்க சத்தம்லா."

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.